முக்குளிப்பான்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வேளச்சேரி வாசகர்: ஐயா, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் வாத்துக் குஞ்சு போன்ற சிறு பறவை ஒன்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்து வேறிடத்தில் எழுகிறதே, அது எது?

பதில்: அது முக்குளிப்பான். ஏறத்தாழ 25 முதல் 29 செ.மீ. நீளமே உடைய இப்பறவையை வாத்து என்று பலரும் எண்ணினாலும், அதன் கூரிய அலகைக் கவனித்தால் வேறுபாடு விளங்கும். மரபணு ஆய்வுகளின்படி, இதே சதுப்பு நிலத்துக்கு வந்துபோகும் பூநாரையே இதற்கு மிக நெருங்கிய உறவு என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

பெரும்பாக்கம் வாசகர்: அலைகூட எழாமல் எப்படி அமிழ்கிறது?

பதில்: இறகுகளை உடலோடு ஒட்ட அழுத்தி, அவற்றினிடையே உள்ள காற்றை வெளியேற்றுவதால் மிதப்புத்தன்மை குறைந்து, அது ஓசையின்றி அமிழ்கிறது, ஆபத்தை உணர்ந்தால் தலையை மட்டும் வெளியே வைத்துக்கொள்வதும் உண்டு. நீருக்கடியில் சிறகுகளை மூடிக்கொண்டு, கால்களால் மட்டுமே உந்திச் செல்கிறது. அதன் விரல்களை இணைக்கும் சவ்வு இல்லை. ஒவ்வொரு விரலின் ஓரத்திலும் தனித்தனி மடல்கள் உள்ளன. கால்கள் உடலின் பின்கோடியில் அமைந்திருப்பது நீந்துவதற்கு மிக ஏற்றது. ஆனால் அதனாலேயே தரையில் நடக்கத் தடுமாறுகிறது. பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் மேலே வந்துவிடும்.

போரூர் வாசகர்: நீர்க்காகம் போலச் சிறகை விரித்து ஏன் உலர்த்துவதில்லை?

பதில்: நீர்க்காகத்தின் வெளி இறகுகள் நனைபவை, மூழ்குவதற்கு அது உதவினாலும் பின்னர் உலர்த்த வேண்டியிருக்கிறது. முக்குளிப்பானின் அடர்ந்த இறகுகள் எளிதில் நனைவதில்லை.

தாம்பரம் வாசகி: தன் இறகையே தின்னும் என்பது உண்மையா?

பதில்: உண்மைதான் அம்மா. குஞ்சுகளுக்கும் ஊட்டுகிறது. மீன் முள்ளும் பூச்சிகளின் ஓடும் குடலைக் காயப்படுத்தாதவாறு இறகுகள் இரைப்பையில் மெத்தையாக அமைகின்றன என்று கருதப்படுகிறது.

மாதவரம் வாசகர்: எங்கள் ஏரியில் மிதக்கும் அழுகிய பாசிக் குவியலின் மேல் இப்பறவை அமர்ந்திருந்தது. முட்டை எதையும் காணவில்லை. அது கூடுதானா?

பதில்: பெரும்பாலும் கூடுதான். கரையேறி எளிதாக நடக்க இயலாத இப்பறவை, நீர்த்தாவரங்களைச் சேர்த்து, கோரையிலோ நாணலிலோ பிணைத்து, மிதக்கும் கூட்டைக் கட்டுகிறது. கூட்டைவிட்டு இறங்கும்போது ஈரப்பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிடுவதால், காகத்தின் கண்ணுக்கும் அவை எளிதில் புலப்படா. வெண்ணிறமாக இடப்பட்ட முட்டைகள் அந்தப் பாசியின் கறையேறிப் பழுப்பாகின்றன. ஏறத்தாழ மூன்று வாரம் பெற்றோர் இருவரும் அடைகாக்கின்றனர். பொரித்த குஞ்சுகள் அவற்றின் முதுகிலேறிச் சவாரி செய்கின்றன. தூய்மைப் பணி என்ற பெயரில் கரையோரக் கோரையை அடியோடு அகற்றுவதை என்னால் ஏற்க இயலாது. ஆகாயத்தாமரையை அகற்றுங்கள், கோரையை விட்டுவையுங்கள். கூட்டுக்கு அருகில் செல்லாமல், கரையிலிருந்தே தொலைநோக்கியில் பாருங்கள். அவசரமாக விரட்டப்பட்ட பறவைக்கு முட்டைகளை மூட நேரம் கிடைக்காமல் போகலாம்.