செவலைக்கு இரண்டு இட்லி

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் செட்டிநாட்டில் பள்ளத்தூர்ப் பக்கம். நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். அப்பச்சி (அப்பா) இறந்து ஒன்பது மாதம் ஆகிறது. பெரிய வீட்டில் ஆத்தா (அம்மா) மட்டும்தான். வயது 69. சமையலுக்கு வருகிறவர் பதினோரு மணிக்குப் போய்விடுவார். ஆத்தா இப்போது கோலம் போடுவதில்லை, டிவி பார்ப்பதில்லை. கேட்டால் "நல்லாத்தானே இருக்கேன்" என்பார். முழங்கால் வலி உண்டு. ரத்தக்கொதிப்புக்கும், ரத்தம் உறையாமலிருக்கவும் மாத்திரை சாப்பிடுகிறார்.

நாய் வளர்ப்பதும் படம் வரைவதும் மனதைத் தேற்றும் என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள். இரண்டு மாதம் கழித்துத் தையில் 12 நாள் விடுப்பில் வருகிறேன். ஒரு ராஜபாளையம் குட்டி, வண்ணம் தீட்டும் புத்தகங்கள், ஆன்லைன் ஓவிய வகுப்பு என்று யோசித்து வைத்திருக்கிறேன். ஆத்தா நாய் வளர்த்ததில்லை. வாசலில் படுக்கும் செவலை நாய்க்கு மட்டும் தினம் இரண்டு இட்லி வைப்பார். சின்ன வயதில் கொட்டான் என்ற பனையோலைக் கூடை பின்னுவாராம், இப்போது தொடுவதில்லை. இதெல்லாம் பலன் தருமா?

மீ., சிங்கப்பூர்

அன்புள்ள மீ.,

பலன் தரும். ஆனால் குட்டியும் வண்ணப் புத்தகமும் வேண்டாம். போகிறபோக்கில் செவலை நாயையும் கொட்டானையும் சொல்லியிருக்கிறீர்கள், அவற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒன்று. ஆத்தா கோலம் போடாதது சோர்வினாலா, துக்க வருடம் என்பதாலா? நம் பக்கம் பல வீடுகளில் வருடம் திரும்பும்வரை வாசலில் கோலம் கிடையாது. வழக்கத்தை நோயென்று எண்ணிக் கவலைப்பட வேண்டியதில்லை. டிவியை நிறுத்தியதுதான் எனக்கு உறுத்துகிறது. காது மந்தமாகியிருக்கலாம், கண்புரை இருக்கலாம், இரண்டையும் பரிசோதியுங்கள். தைராய்டு, பி12 ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள், இவற்றின் குறை மனச்சோர்வு மாதிரியே வேஷம் போடும். தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைந்து எடை இறங்குவது, "நான் இருந்து என்ன" என்ற பேச்சு, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் நாயும் வேண்டாம் ஓலையும் வேண்டாம், முதலில் மருத்துவர். 14416 என்ற அரசின் டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஆய்வுகள் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவீடனில் 40 முதல் 80 வயதுவரை உள்ள 34 லட்சம் பேரின் பதிவுகளைப் பன்னிரண்டு வருடத்துக்குப் பார்த்து 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. தனியாக வாழ்பவர்களில் நாய் வைத்திருந்தவர்களுக்கு இறப்பு அபாயம் 33 சதவீதம் குறைவு. கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் நடக்கத் தெம்புள்ளவர்தானே நாய் வாங்குகிறார்? எது காரணம், எது விளைவு என்று இதில் பிரிக்க முடியாது. அமெரிக்க இதய சங்கம் 2013-இலேயே, இதய நலனுக்காக மட்டும் நாய் வாங்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. கலைக்கு வந்தால், 2016-இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் 39 பேரிடம் களிமண்ணும் மார்க்கர் பேனாவும் கொடுத்து 45 நிமிடம் எதையாவது செய்யச் சொன்னார்கள். முக்கால்வாசிப் பேருக்கு எச்சிலில் இருந்த கார்ட்டிசால், அதாவது மன அழுத்தத்தோடு ஏறும் சுரப்பு, இறங்கியது. முன்பழக்கம் இருந்தவர், இல்லாதவர் என்று வித்தியாசம் தெரியவில்லை. சிறிய ஆய்வுதான், 60 வயதுக்கு மேற்பட்டவர் ஒருவரும் அதில் இல்லை.

என் கணிப்பு இது. நாயும் கைவேலையும் ஆத்தாவுக்குத் தரப்போவது ஒரே சரக்கு: இந்த நேரத்துக்கு எழுந்து இதைச் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம், அதோடு யாராவது வந்து நின்று பேச ஒரு சாக்கு. அதனால் அவர் ஏற்கெனவே அரைகுறையாகச் செய்துகொண்டிருப்பதை வளர்ப்பது எளிது. சிங்கப்பூரிலிருந்து புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து இறக்குவது கடினம்.

ராஜபாளையம் ஏன் வேண்டாம்? அது வேட்டை நாய். வளர்ந்தால் 25 கிலோவைத் தாண்டும், தினம் ஓட விட வேண்டும், பால்வெள்ளைக் குட்டிகளில் பிறவிச் செவிடும் உண்டு. அதை விட்டுவிட்டாலும் எந்தக் குட்டியும் இங்கே சரிப்படாது. மூன்று மாதக் குட்டியை இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை வெளியே விட வேண்டும், இரவிலும்தான். ஊசிப் பல்லால் கை காலைக் கவ்வும். ரத்தம் உறையா மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சின்னக் கீறலும் நெடுநேரம் கசியும். எலும்பு முறிவு இன்னும் பெரிய கவலை. அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் நாயைக் கயிற்றில் பிடித்து நடக்கும்போது விழுந்து எலும்பு முறிந்து வந்தது 2004-க்கும் 2017-க்கும் இடையில் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. அதில் பெரும்பாலோர் பெண்கள்.

செவலை வளர்ந்த நாய், ஊர் தெரியும், ஆத்தாவையும் தெரியும். தெருவில் கிடக்கிறதே என்று யோசிக்காதீர்கள். நாட்டு நாய் பெரும்பாலும் 15 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும், நம் வெயிலும் அதற்குப் பழக்கம். காதில் வெட்டு அடையாளம் இருக்கிறதா என்று சமையல் அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் கருத்தடை ஆகியிருக்கிறது. இல்லையென்றால் அரசு கால்நடை மருத்துவரிடம் கேட்டு இப்போதே செய்துவிடுங்கள், ஏனென்றால் தையல் ஆற 10 முதல் 14 நாள் ஆகும், உங்கள் விடுப்பு அதற்கே சரியாகிவிடும். வெறிநோய்த் தடுப்பூசி போட்டால் எதிர்ப்புச் சக்தி முழுதாக வர மூன்று நான்கு வாரம், அதையும் இந்த மாதமே போடச் சொல்லுங்கள். பிறகு வருடம் ஒருமுறை. குடற்புழு மாத்திரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை. உண்ணி மருந்து மருத்துவர் எடை பார்த்துத் தருவார். தெரு நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் உள்ளே ஒளிந்திருக்கலாம், ஒரு ரத்தப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள். பழைய வீட்டின் சுவர் விரிசலும் மரத்தூண் இடுக்கும் உண்ணி முட்டையிட வாகான இடம், நாய்க்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை.

ஆத்தாவுக்கும் வெறிநோய்க்கு முன்தடுப்பு ஊசி உண்டு: 0, 7, பிறகு 21 அல்லது 28-ஆம் நாள். உறையா மாத்திரையை ஊசி போடுகிறவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். இதெல்லாம் போட்ட பிறகும் பல்லோ நகமோ பட்டால் குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனை. மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது.

வீட்டுக்குள் பழக்குவது சாப்பாட்டுக் கிண்ணத்தை நகர்த்துகிற வேலைதான். தினம் அதே நேரம், அதே கிண்ணம். முதல் நான்கு நாள் திண்ணைக்குக் கீழே. பிறகு திண்ணை மேல். அது தயங்காமல் ஏறி வந்தால் மட்டும் முகப்புக்குள் ஓரடி. தயங்கினால் முந்தின இடத்துக்கே திரும்புங்கள். அவசரப்பட்டுக் கதவைச் சாத்தினால் அது திரும்ப உள்ளே வர ஒரு மாதமாகும். கொட்டாவி விடுவது, மூக்கை நக்குவது, முகத்தைத் திருப்புவது, கண்வெள்ளை தெரியப் பார்ப்பது, இவையெல்லாம் "போதும், விடு" என்று அது சொல்வது. இதைக் கவனிக்காமல் தலையைத் தடவப் போவதால்தான் சாதுவான நாயும் கடிக்கிறது. தடவுவதானால் நெஞ்சுப் பக்கமாக, மூன்று எண்ணும் நேரம், பிறகு கையை எடுத்துவிட வேண்டும். மேலும் வேண்டுமென்றால் அதுவே கிட்ட வரும். முகப்போடு அது நின்றுகொண்டால் போதும், உள்முற்றமான வளவுக்குள் வர வேண்டிய அவசியமில்லை. வளவு பங்காளிகளுக்கும் பொது என்றால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முன்னோருக்குப் படையல் வைக்கும் படைப்பு நாளில் நாயை எங்கே கட்டுவது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

தரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சிக்கல் அங்கேதான் வரும். நம் பக்கத்து வீடுகளில் தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல், கண்ணாடியின் மேல் வார்த்து எடுக்கும் பூப்போட்ட சிமெண்ட் ஓடு. அந்த வழவழப்பு கண்ணுக்கு அழகு, நாயின் காலுக்குப் பகை. பின்னங்கால் அகன்று சறுக்கும், இடுப்பு மூட்டும் முழங்கால் நாரும் நாளடைவில் கெடும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கும் வழக்கம் இருந்தால் அடியோடு நிறுத்துங்கள், ஆத்தாவின் முழங்காலுக்கும் அதுதான் நல்லது. வெறும் கோரைப்பாய் விரிக்காதீர்கள், பாயே வழுக்கிக்கொண்டு போகும். அடியில் ரப்பர் ஒட்டிய இரண்டடி அகல விரிப்பை நிலைப்படியிலிருந்து ஆத்தா உட்காரும் இடம்வரை போட்டால் நாயும் அதன் மேலேயே நடக்கப் பழகும். விரல் இடுக்கு முடியைக் கத்தரிக்கவும், நகம் தரையில் டொக் டொக்கென்று கேட்டால் நீளம் என்று அர்த்தம். சிறுநீர் பட்டால் உடனே தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும். கழிப்பறை ஆசிட் பட்டால் சிமெண்ட்டும் நிறமும் அரித்துப்போகும், அந்தப் பூவை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. பினாயில் போட்டால் காயும்வரை நாயை விடக் கூடாது, பாதத்தை நக்கும்.

இட்லியை நிறுத்த வேண்டாம், அதுதான் இருவருக்கும் உள்ள ஒப்பந்தம். சட்னியும் சாம்பாரும் கூடாது. சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும், நம் குழம்பில் இவை இல்லாத குழம்பு ஏது? பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். கறிக்குழம்பில் வெந்த கோழி எலும்பு சிம்பாகப் பிளந்து குடலில் குத்தும். 15 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 250 கிராம் சோறு, உப்புக் காரமில்லாமல் வேகவைத்த கோழி 200 கிராம், ஒரு முட்டை, ஒரு கை பூசணி அல்லது கேரட், இரண்டு வேளையாக. இட்லி வைத்தால் அந்த அளவு சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து போதாது. முட்டை ஓட்டை வேகவைத்துக் காயவைத்து மாவாகப் பொடித்து தினம் அரைத் தேக்கரண்டி கலக்கலாம். ஆத்தா வீட்டில் அசைவம் இல்லையென்றால் கால்நடை மருத்துவரைக் கேட்டு நாய்த் தீனி வாங்கிவிடுங்கள், தயிர்ச்சோறு மட்டும் போட்டு வளர்க்க முடியாது.

இனி கொட்டான். வண்ணப் புத்தகம் கெட்டதல்ல, ஆனால் ஒரு பக்கம் தீட்டி முடித்தால் அதை யாரும் கேட்டு வரப்போவதில்லை. கொட்டானைக் கேட்டு வருவார்கள். புவிசார் குறியீடு வாங்கிய பொருள் என்ற பெருமை ஒருபுறம் இருக்கட்டும், சீர் வைக்கிற வீட்டில் அதற்கு வேலை இருக்கிறது. சிறுவயதில் படிந்த விரல் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் மறக்காது. ஆனால் ஒன்று: ஆத்தா அதைத் தொடாதிருப்பது "மங்கல காரியத்துக்குப் போகிற பொருள், நான் தொடலாமா" என்ற தயக்கத்தாலும் இருக்கலாம். மகள் சொல்லி அது தீராது. பங்காளி வீட்டுப் பெரிய ஆச்சி ஒருவர், பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து "இவளுக்குச் சொல்லிக் குடு" என்று கேட்டால் தீரும்.

ஓலையைக் கிழித்துச் சாயம் ஏற்றும் வேலையை இப்போதைக்கு ஆத்தாவிடம் தராதீர்கள், கத்தியும் கொதிநீரும் வேண்டாம். காரைக்குடிப் பக்கம் பின்னுகிறவர்களிடம் ஈர்க்கு நீக்கிய குருத்தோலையைக் கிழித்தே வாங்கலாம். கால் அங்குல ஓலை அழகுதான், ஆனால் நாலங்குலச் சதுரமான அடிப்பாகத்துக்கு 16-க்கு 16, மொத்தம் 32 ஓலை எண்ண வேண்டும், கண் ஓய்ந்துவிடும். அரை அங்குல ஓலையில் 8-க்கு 8 போதும், நீளம் ஒரு முழத்துக்குக் குறையக் கூடாது. பின்னுவதற்கு முன் ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். ஈரம் பற்றாவிட்டால் மடிக்கிற இடத்தில் ஓலை விரியும். தண்ணீரில் ஊறப்போட்டால் பின்னும்போது பதமாகத்தான் இருக்கும், மறுநாள் காய்ந்து சுருங்கிக் கண்ணுக்குக் கண் இடைவெளி விடும். மூலை திருப்பும்போதுதான் எல்லாம் அவிழும், நான்கு துணிக் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டால் பிடிக்க இன்னொரு கை தேவையில்லை. சாய ஓலையை அலசின தண்ணீர் தெளியும்வரை அலசிவிடுங்கள், இல்லையென்றால் விரலிலும் தரையிலும் நிறம் இறங்கும்.

கீழே உட்கார வேண்டாம். நாற்காலி, முழங்கை உயரத்தில் ஒரு மேசை, முற்றத்து வெளிச்சம் படுகிற இடம். அரைமணி நேரத்தில் நிறுத்திவிட வேண்டும். முடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் விரல் வலித்தால் மறுநாள் கால்மணி நேரம். எந்த நேரம் என்பதும் முக்கியம்: பதினோரு மணிக்கு மேல்தான் அந்த வீடு காலியாகிறது, மதியம் தாண்டினால் இன்னும் மோசம். நாலரை மணிக்கு வைத்தால் பள்ளிவிட்டு வருகிற பேத்தியும் வரலாம், செவலைக்குச் சாயங்காலச் சோறும் அப்போதே ஆகிவிடும். நறுக்கிய ஓலைத் துண்டு, பாசிமணி, லேஸ் ஊசி எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. நார் விழுங்கிய நாய்க்குக் குடல் அடைத்தால் அறுவை சிகிச்சைதான். மூடியுள்ள டப்பா ஒன்றை மேசையிலேயே வையுங்கள்.

ஆன்லைன் வகுப்பு? ஆத்தாவே கேட்டால் பார்க்கலாம்.

வரும்போது குட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை அடுத்த வீட்டாருக்கு ஒதுக்குங்கள். ஆத்தா மருத்துவமனைக்குப் போனாலோ சிங்கப்பூர் வந்தாலோ செவலைக்குச் சோறு யார் வைப்பது, மாதம் எவ்வளவு, ஊசிக்கு யார் தூக்கிப் போவது என்று பேசி முடித்த பிறகு பெல்ட் வாங்குங்கள். கழுத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். அதில் சின்ன மணி ஒன்று கோத்துவிடுங்கள், காலடியில் வந்து படுத்தால் ஆத்தாவுக்குத் தெரியும். கயிற்றை ஆத்தா கையில் கொடுக்க வேண்டாம், நடக்கக் கூட்டிப் போவது அடுத்த வீட்டுப் பையன் வேலை.