பொம்மையில் பழகிவிட்டு ஆளுக்கு டியூப் போட முடியுமா?

மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவதைப் பற்றி, மட்டக்களப்பில் உள்ளகப் பயிற்சி தொடங்கப்போகிற மருத்துவர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். மயக்கமருந்துப் பிரிவுகளில், மட்டக்களப்பிலும் அம்பாறைப் பக்கமும் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பாதி முடியும்.

கை பழகுவதற்குப் பொம்மை நல்லது. லரிங்கோஸ்கோப்பை (நாக்கை விலக்கிக் குரல்வளையைப் பார்க்கும் கருவி) இடக்கையில் பிடித்து, பல்லில் ஊன்றி நெம்பாமல், கைப்பிடி போகும் திசையில் தூக்க வேண்டும். பல்லில் அழுத்தினால் சில பொம்மைகள் 'டிக்' என்று சத்தம் போடும். இந்த வகைப் பொம்மைகளின் மூதாதை, 1960இல் வந்த ரெசஸி ஆன். அதைச் செய்த நோர்வேக்காரர் ஒஸ்மண்ட் லேர்டாலும் உண்மையிலேயே விளையாட்டுப் பொம்மை செய்து விற்றவர்தான்!

ஆனால் பொம்மையின் வாய் எப்போதும் காய்ந்து, தாராளமாகத் திறந்து கிடக்கும். வயல் பக்கமிருந்து பூச்சிமருந்து குடித்து வருபவருக்கு வாய் முழுக்க நுரையும் எச்சிலும். உறிஞ்சி எடுக்காமல் ஒன்றும் தெரியாது. வருடக்கணக்காக வெற்றிலை பாக்கு போட்டவர்களில் சிலருக்குத் தாடை இறுகி, இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்காது. மயக்கமருந்து கொடுப்பதற்கு முன்னரே வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். சில இடங்களில் பொம்மையின் தொண்டைக்குள் செயற்கை வாந்தியைப் பம்ப் பண்ணிப் பழக்குகிறார்கள். அதற்கென்று செய்த பொம்மை அது. உங்கள் வார்ட் பொம்மைக்குள் கஞ்சி ஊற்றிவிடாதீர்கள், பிறகு யார் கழுவுவது?

டியூப்பும் போகவில்லை, மாஸ்க்காலும் காற்றுப் போகவில்லை என்றால் கழுத்தின் முன்பக்கம் வெட்டித்தான் வழி எடுக்க வேண்டும். இதைப் பழகப் பொம்மையைவிட ஆட்டுக் குரல்வளை மேல். அறுப்பு அதற்குக் கீழே விழுவதால் அது தலையோடு வரும்; இறைச்சிக் கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் எடுத்துத் தருவார்கள். மேலே தோலுக்குப் பதிலாகத் தடித்த பிளாஸ்டர் ஒட்டி, விரலால் தடவிக் குரல்வளையின் முன்பக்கச் சவ்வைக் கண்டுபிடித்து, 10ஆம் இலக்கக் கத்தியால் குறுக்கே வெட்டி, பூஜியை (டியூப்புக்கு வழிகாட்டும் நீண்ட மெல்லிய குச்சி) விட்டு, அதன்மேல் 6 மில்லிமீற்றர் டியூப். மனிதக் கழுத்தின் அளவு அதற்கு இல்லை, ஆனால் சவ்வு 'பொதுக்' என்று விடுவதைக் கை தெரிந்துகொள்ளும்.

இதையெல்லாம்விட முக்கியம் மாஸ்க்கும், கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் அம்பு பையும். டியூப் இல்லாததால் ஆள் சாவதில்லை, ஒட்சிசன் இல்லாததால்தான் சாகிறார். இது தெரிந்தவர்களும் லரிங்கோஸ்கோப்பைக் கையில் எடுத்ததும் நேரத்தை மறந்துவிடுகிறார்கள். பிரித்தானிய வழிகாட்டியே மூன்று முயற்சிதான் என்கிறது. நாலாவது, அனுபவம் கூடியவர் வந்தால் மட்டும். ஆகவே பொம்மையோடு பழகும்போது தனியாக நிற்காதீர்கள். ஒரு தாதியையும் கூட்டிக்கொள்ளுங்கள். அவர் ஒட்சிசன் அளவைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், "சேர், போதும், மாஸ்க்கை வையுங்கோ" என்று உங்களை நிறுத்தவும் வேண்டும். டியூப் போனபின் கப்னோகிராப்பில் (வெளிமூச்சில் வரும் காபனீரொட்சைட்டைக் காட்டும் கருவி) அலை வருகிறதா என்று கேட்பதும் அவர் வேலைதான். அலை இல்லையென்றால் டியூப் உணவுக் குழாய்க்குள் போயிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மிச்சப் பாதிக்கு, உங்கள் மயக்கமருந்து நிபுணரிடம் கேட்டு, காலையில் வழமையான சத்திரசிகிச்சைகள் நடக்கும்போது தியேட்டருக்குப் போங்கள். முதல் கொஞ்ச நாள் மாஸ்க் மட்டும் பிடிக்கத் தாருங்கள் என்று கேளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.