கலந்தா கலப்படமா? (ஒரு பரோலோ கடிதம்)

அன்புள்ள சார்,

புரமோஷன் வந்த சந்தோஷத்துல பார்டோலோ மாஸ்கரெல்லோ கம்பெனியோட பரோலோ 2019, இத்தாலி ரெட் வைன், ரெண்டு பாட்டில் வாங்கினேன். சம்பளத்துல பெரிய துண்டு போச்சு. அன்னைக்கு ராத்திரியே ஒண்ணைத் திறந்து குடிச்சோம். கலர் வெளிறிப்போய் இருந்துச்சு, வாய் பாக்கு மென்ன மாதிரி வறண்டுடுச்சு. ஃப்ரெண்ட் சொல்றான், "லேபிள்ல தோட்டம் பேரே இல்ல, நாலு இடத்துப் பழத்தைக் கலந்து அடிச்சது, ஒருவகையில கலப்படம், இந்தக் காசுக்குக் கன்னூபித் தோட்டத்து வைனே வாங்கியிருக்கலாம்"னு. ஏமாந்துட்டேனா? இன்னொரு பாட்டிலை எத்தனை நாள் வைக்கலாம்? பிரியாணியோட போகுமா?

ஆர்., சிங்கப்பூர்

அன்புள்ள ஆர்.,

சாதாரணமா இந்த மாதிரி கடிதத்துக்கு பதில் போடமாட்டேன். 'கலப்படம்'னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது மூணு நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு.

கலர் விஷயம் ஒண்ணுமில்ல. நெபியோலோ திராட்சையே அப்படித்தான், சாயம் கம்மி, துவர்ப்பும் புளிப்பும் ஜாஸ்தி. பாக்குன்னு சொன்னது ரொம்ப சரி, அந்த வார்த்தைக்காகவே உங்களைப் பிடிச்சுப் போச்சு. ஆனா வாங்கின அன்னைக்கே திறந்து, திறந்த கையோட ஊத்திக் குடிச்சுட்டு வைன் மேல பழி போட்டா எப்படி தம்பி? குக்கர்ல ஆவி அடங்கறதுக்குள்ள மூடியைப் பிடுங்கிட்டு சோறு வேகலைன்னு சொல்றவனை என்ன பண்றது.

சரி, உங்க ஃப்ரெண்டுக்கு வருவோம். லேபிள்ல பேர் இல்லைன்னா சரக்கு மட்டம்னு யார் சொல்லிக் குடுத்தது? அந்த பாட்டிலுக்குள்ள இருக்கிறது வேற வேற மலைச்சரிவுப் பழம்: பரோலோ ஊர்ல கன்னூபி, சான் லொரென்ஸோ, ரூயே, பக்கத்து ஊரு லா மோர்ரால ரொக்கே. ஆமா, கன்னூபியும் அதுலதான் இருக்கு, அவன் வாங்கச் சொன்ன அதே கன்னூபி! அந்த வட்டாரத்துலயே பேர் போன குன்று அது. கம்பெனியை நடத்தின பார்டோலோ அந்தப் பேரைத் தனியா லேபிள்ல போட்டிருந்தா இன்னும் விலை ஏத்தி வித்திருக்கலாம், மனுஷன் போடல. அப்பா ஜூலியோ கலந்தாரு, இவரும் கலந்தாரு. சுத்தி இருந்தவங்க 'இது இந்தத் தோட்டம், அது அந்தத் தோட்டம்'னு தனித்தனியா பாட்டில் போட்டு, 225 லிட்டர் பாரிக்னு சின்னச் சின்ன புது ஓக் பீப்பாய்ல வச்சு வெனிலா வாசம் ஏத்திக்கிட்டு இருந்த காலத்துல, இவர் பழைய பெரிய பீப்பாயை விடாம, லேபிளைக் கையால வரைஞ்சுக்கிட்டு உக்கார்ந்திருந்தாரு. 2005ல போயிட்டாரு. இப்போ மகள் மரியா தெரேசா பார்க்கிறாங்க, அவங்களும் கலந்துதான். மொத்தமே சுமாரா 5 ஹெக்டேர்.

நான் இத்தாலில டூரின் நகரத்துல ரெண்டு வருஷம் வேலை பார்த்தப்போ, வாடகைக்கு இருந்த வீட்டு ஓனரம்மா லாங்கே மலைக்காரங்க, பரோலோ ஊரு இருக்கிற அதே மலை. ஊர்ல பிழைப்பில்லாம ஃபியட் கம்பெனி வேலைக்குன்னு இறங்கி வந்த ஆயிரக்கணக்கான குடும்பத்துல அவங்க குடும்பமும் ஒண்ணு. அவங்க அப்பா சொந்தமா பாட்டில் போட்டதே இல்ல, பக்கத்து டவுன் ஆல்பா சந்தைல கூடை கூடையா திராட்சையை விக்கிறவரு. தரகன் ஒரு பழத்தை வாயில போட்டுட்டு "உன் சரிவு புளிக்குது"ன்னு விலையைக் குறைப்பானாம். "அந்தப் புளிப்பு இல்லாட்டி அவன் வாங்கின மத்த பழமெல்லாம் ஜாம் மாதிரி இருக்கும், அது அவனுக்கும் தெரியும்"னு சொல்லும் அந்தம்மா, அம்பது வருஷம் கழிச்சும் கோபம் அடங்கல. ஒரு பக்கம் ஆலங்கட்டி மழை அடிச்சா இன்னொரு பக்கம் தப்பிக்கும், ஒரு சரிவு வாசம் குடுக்கும், ஒண்ணு துவர்ப்பு குடுக்கும், அதைச் சேர்க்கத் தெரியணும், அதுதான்யா வேலையே.

ஒரு நவம்பர் ஞாயிறு, ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடு தெரியாத பனிமூட்டம். காலைலயே ஒரு பரோலோவைத் திறந்து ஜன்னலோரமா வச்சிருந்தாங்க, ராத்திரிதான் ஊத்தினாங்க, கூட ஹேசல்நட் ஒரு கிண்ணம். ரோஜாவும் தார் ரோடும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம். நான் மேதாவித்தனமா "இது எந்தத் தோட்டம்?"னு கேட்டேன். அந்தம்மா பதில் சொல்லாம, உங்க வீட்ல காபி எப்படின்னு கேட்டாங்க. பீபெரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி, சிக்கரி கொஞ்சம், எங்கம்மா கடைல நின்னு கண்ணெதிர அரைச்சு வாங்குவாங்கன்னு சொன்னேன். "அப்போ உங்கம்மா கலப்படக்காரியா?"

வாயை மூடிக்கிட்டு குடிச்சேன்.

அதனால உங்க ஃப்ரெண்டை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டு நல்ல காபி போட்டுக் குடுங்க. என்ன கேட்டீங்க, இன்னொரு பாட்டிலா? பத்து வருஷம் படுக்க வச்சு வைங்க, சிங்கப்பூர் வெக்கைல கிச்சன் அலமாரில வேணாம், வைன் ஃப்ரிட்ஜ் இருக்கிறவங்க யார்கிட்டயாவது குடுத்து வைங்க, அந்த ஃப்ரெண்டுகிட்ட மட்டும் குடுத்துடாதீங்க. பிரியாணிக்கு பீர் போதும்.