நடு இருக்கை உள்ள படகா, இல்லாத படகா?

கேள்வி: கோடையில் என் இரு மகன்களுடன் கனடாவின் சிம்கோ ஏரியில் தூண்டில் போடுவதற்காகப் பழைய அலுமினியப் படகொன்று வாங்க எண்ணியுள்ளேன். பார்த்து வைத்திருக்கும் இரண்டும் ஒரே நிறுவனத்தின் 14 அடிப் படகுகள், இரண்டிலும் 9.9 குதிரைவலு இயந்திரம். விலையும் ஏறத்தாழ ஒன்றே. ஒன்றில் குறுக்கு இருக்கைகள் அப்படியே உள்ளன. மற்றதில் நடு இருக்கையை வெட்டி எடுத்துவிட்டு, பிளைவுட் தளத்தை உயர்த்தி அமைத்து, கம்பளம் விரித்து, சுழல் நாற்காலிகள் பூட்டியிருக்கிறார்கள். மகன்கள் இதைத்தான் கேட்கிறார்கள். எதை வாங்கலாம்?
— ஸ்காபரோ வாசகர்

பதில்: இருக்கைகள் அப்படியே உள்ள படகை வாங்குங்கள். இவ்வகைப் படகில் மெல்லிய தகட்டாலான இரு பக்கங்களும் வளைந்து கொடுக்காமல் தாங்கிப் பிடிப்பவை குறுக்கு இருக்கைகளே. படகுக்குள் நீர் நிறைந்தாலும் அது மூழ்கிவிடாமல் காக்கும் நுரைக்கட்டிகளும் பெரும்பாலும் அவற்றின் உள்ளேதான் இருக்கின்றன. நடு இருக்கையை வெட்டியவர் அந்த நுரையை வேறெங்காவது திரும்ப வைத்தாரா என்று கேட்டுப் பாருங்கள். வைத்தவர்கள் மிகக் குறைவு. உயர்த்திய தளத்தில் மூவர் எழுந்து நின்றால் பாரம் மேலேறிப் படகு எளிதில் சரியும். சிம்கோவோ 700 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த திறந்த ஏரி. காற்றுக் கிளம்பினால் கிட்டக்கிட்ட எழும் செங்குத்தான அலைகள் சிறு படகைப் பாடாய்ப் படுத்திவிடும்.

கம்பளம் ஈரத்தைப் பிடித்து வைப்பதோடு, தகடுகளை இணைக்கும் ஆணிகளான ரிவெட்டுகள் கசிவதையும் மறைத்துவிடும். தளத்துக்குச் செம்பு கலந்த மருந்தூட்டிய பலகையைப் போட்டிருந்தால், அது தொடும் இடமெல்லாம் அலுமினியம் அரித்துப் போகும். பிள்ளைகளின் ஆசைக்கு, குறுக்கு இருக்கையிலேயே கவ்வி பொருத்தும் சுழல் நாற்காலிகள் கடைகளில் கிடைக்கின்றன.

ஆயினும் முதற்படகையும் சோதிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். இழுவண்டியில் இருக்கும்போதே உள்ளே சில அங்குலம் நீர் விட்டு, வெளியே குனிந்து ரிவெட் வரிசையைப் பாருங்கள். சொட்டுகிற ஒவ்வொன்றையும் சுண்ணாம்புக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டொன்று என்றால் சரிசெய்துவிடலாம். பிறகு இயந்திரத்தின் கீழ்க்காலைப் பிடித்து மெல்ல ஏற்றி இறக்குங்கள். அப்போது இயந்திரம் மாட்டியிருக்கும் பின்பலகை அசைந்து கொடுத்தால், உள்ளே பிளைவுட் உக்கிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதொரு படகைத் தேடுவதே நல்லது.

இயந்திரம் 10 குதிரைவலுவுக்குக் குறைவாக இருப்பதால் படகுக்கு உரிம எண் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஓட்டுபவரிடம் படகோட்டும் தகுதி அட்டையும், ஏறும் ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கியும் இருந்தாக வேண்டும்.