ஓக்கில் இலை உதிரவே இல்லை, மேப்பிளில் ஒரு கிளை மட்டும் இப்படி: நோயா?

கேள்வி: இலையுதிர் காலம் முடியப்போகிறது. சுற்றியுள்ள மரங்கள் மொட்டையாகிவிட்டன. எங்கள் இளம் ஓக் மட்டும் காய்ந்த பழுப்பு இலைகளை விடாமல் வைத்திருக்கிறது. மேப்பிளில் ஒரே ஒரு கிளையில் இலைகள் தொங்குகின்றன. நோயா? பறித்துவிடலாமா?

பதில்: ஓக்கைப் பற்றிக் கவலை வேண்டாம். மேப்பிள் கிளையைத்தான் சீக்கிரம் போய்ப் பாருங்கள்.

இலையை உதிர்ப்பது மரமே முனைந்து செய்யும் வேலை. காற்று கடைசியில்தான் வருகிறது. பகல் குறுகக் குறுக, இலையிலிருந்து காம்புக்கு வரும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் குறைந்து, உதிர்வைத் தூண்டும் ஹார்மோனான எத்திலீனின் கை ஓங்கும். காம்பின் அடியில் இருக்கும் மெல்லிய அடுக்கில் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். இலை கழன்ற இடத்தைத் தக்கைப் படலம் மூடிவிடும். இத்தனைக்கும் உயிருள்ள செல்கள் வேண்டும். கோடையில் முறிந்த கிளையில் இலைகள் சருகாகி மாதக்கணக்கில் தொங்குவது இதனால்தான்.

ஓக், பீச், ஹார்ன்பீம் மரங்களில் இந்தப் பிரிவு பாதியில் நின்று, வசந்தத்தில் மொட்டு விரியும் சமயம்தான் முடியும். இளமரங்களிலும், பெரிய மரங்களின் தாழ்ந்த கிளைகளிலும் இதை அதிகம் பார்க்கலாம். மான்கள் மொட்டைக் கடிக்காமல் சருகுகள் காக்கின்றன என்பது ஒரு விளக்கம். வசந்தத்தில் விழுந்து வேருக்கு உரமாகின்றன என்பது இன்னொன்று. எனக்கு முதலாவது பொருத்தமாகப் படுகிறது; மானின் வாய்க்கு எட்டும் உயரத்தில்தானே சருகுகள் அதிகம் தங்குகின்றன!

சரி, மேப்பிளுக்கு வருவோம். தொங்கும் இலைகள் இன்னும் பச்சையாக இருந்து, பக்கத்தில் தெருவிளக்கும் இருந்தால் விஷயம் அவ்வளவுதான். இரவு வெளிச்சம் பட்டால் அந்தப் பக்கம் உதிர்வது தாமதமாகும். சருகாக இருந்தால், ஒன்றை மெல்ல இழுங்கள். நார் கிழிந்து வந்தால் பிரியும் அடுக்கே உருவாகவில்லை என்று அர்த்தம். அப்புறம் சிறு குச்சியின் பட்டையை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே ஈரப்பச்சை தெரிந்து, மொட்டும் கெட்டியாக இருந்தால் கிளைக்கு உயிர் இருக்கிறது. திடீர் உறைபனி உதிர்வை இடையில் நிறுத்தியிருக்கலாம். உள்ளே பழுப்பேறி, குச்சி படக்கென்று ஒடிந்தால் அது கோடையிலேயே பட்டுப்போன கிளை.

அப்படியானால் தண்டை ஒட்டிய புடைப்பை வெட்டாமல், அதற்குச் சற்று வெளியே அறுத்து எடுங்கள். வெட்டிய மரத்தில் ஆலிவ் பச்சைக் கோடுகள் தெரிந்தால் வெர்டிசிலியம் வாடல் நோயாக இருக்கலாம். அது மண்ணில் வாழும் பூஞ்சை. மேப்பிளில் பெரும்பாலும் ஒரு பக்கத்துக் கிளையில்தான் முதலில் காட்டும். ரம்பத்தை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, கிளைத் துண்டை ஆய்வகத்தில் கொடுத்து உறுதிசெய்யுங்கள்.

ஓக் இலைகளைப் பறிக்காதீர்கள். பலமாக இழுத்தால் காம்படியில் இருக்கும் அடுத்த ஆண்டு மொட்டும் பெயர்ந்து வரும். ஈரப்பனி கனமாகப் பெய்தால் மட்டும் சருகில் பாரம் சேர்ந்து கிளை முறியக்கூடும். அப்போது துடைப்பத்தால் கிளையைக் கீழிருந்து மேலாக மெல்லத் தள்ளிப் பனியை உதிர்த்துவிடுங்கள். பனி உறைந்து ஒட்டிவிட்டால் தொடாமல், தானாக உருகும்வரை விட்டுவிடுவதே நல்லது.