ஸ்டாரைக் கட்டுங்கள், ஸ்விட்ச் போடாதீர்கள்

அன்புள்ள ஐயா,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. முத்தியால்பேட்டையில் இருக்கிறோம். நான் தனியார் பள்ளியில் ஆசிரியை. வீட்டுக்காரர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். டிசம்பர் முழுக்க அவர் வீடு திரும்ப இரவு பதினொன்று ஆகிவிடும். மகள் எட்டாவது, மகன் நாலாவது. மாமியாரும் எங்களோடு இருக்கிறார்கள்.

டிசம்பர் பிறந்தால் ஸ்டார், குடில், தையல்காரர், பலகாரம், பள்ளி விழா, அன்பியக் கேரல் (பங்கின் சிறு குடும்பக் குழு வீடு வீடாகப் போய்ப் பாடுவது), பாட்டுப் பயிற்சி, நடுவில் அரையாண்டுத் தேர்வு. 24ஆம் தேதி இரவுப் பூசையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறேன். கோவிலில் கிறிஸ்மஸுக்கு முந்தைய நாலு ஞாயிறும் திருவருகைக்கால மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். அதற்கும் எங்கள் வீட்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் போகிறது. எதை விடுவது? முதல் வாரமே ஸ்டார் கட்டுவது தவறா? போன வருடம் வீட்டிலும் இலைகளுக்கு நடுவே நாலு திரி ஊன்றி வளையம் வைத்தேன். பத்து நாளில் முதல் திரி தீர்ந்துவிட்டது, இலை சருகாகிவிட்டது. தீப்பிடிக்கும் என்று மாமியார் எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி, புதுச்சேரி

அன்புள்ள சகோதரிக்கு,

மரியே வாழ்க. நவம்பர் தொடக்கத்திலேயே எழுதியது நல்லதாயிற்று. நீங்கள் சொன்னவற்றில் எதையும் விட வேண்டியதில்லை. தேதிகளை மாற்றினால் போதும். சிலவற்றைச் செய்து வைத்துவிட்டு, வேண்டுமென்றே முடிக்காமல் விட வேண்டும்.

திருவருகைக்காலம் ஒரே சீரான நான்கு வாரம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதற்கு இரண்டு பகுதி உண்டு. முதல் ஞாயிறு தொடங்கி டிசம்பர் 16 வரை வாசகங்கள் ஆண்டவரின் இரண்டாம் வருகையையும், விழித்திருப்பதையும், திருமுழுக்கு யோவானின் குரலையும் சுற்றி வருகின்றன. 17 முதல் 24 வரைதான் பெத்லகேமை நேராகப் பார்க்கும் நாட்கள். இந்த ஆண்டு, 2026இல், முதல் ஞாயிறு நவம்பர் 29. அடுத்தவை டிசம்பர் 6, 13, 20. கிறிஸ்மஸ் வெள்ளிக்கிழமை வருவதால் நான்காம் வாரம் ஐந்தே நாள்.

அந்த முதல் பகுதியை நம் கரைக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. மறுநாள் டிசம்பர் 1, திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. அன்றைக்குரிய நற்செய்தி லூக்கா 21ஆம் அதிகாரம்: கடலின் முழக்கத்தால் மக்கள் கலங்குவார்கள், அப்போது நீங்கள் தலைநிமிர்ந்து நில்லுங்கள், உங்கள் மீட்பு நெருங்கி வருகிறது. அந்த வாசகத்தை யாரும் புயலுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஞாயிறு வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் அன்றைக்கு அதுதான் முறை. தண்ணீர் வடியாத தெருவில் நின்றவர்களுக்கு, இந்தக் காலம் கேக்குக்கும் துணிக்கும் முந்தியது என்பது அன்று புரிந்திருக்கும்.

இதை வைத்தே உங்கள் வேலைகளைப் பிரியுங்கள். கையால் செய்யும் வேலை எல்லாம் 16க்குள். 17க்குப் பிறகு புதிதாக எந்த வேலையையும் எடுக்காதீர்கள்.

தையல்: இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8. அதற்குப் பிறகு இரண்டு வாரம் தையல்காரர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு. 20ஆம் தேதிக்குள் துணியைக் கொடுத்துவிட்டால் டிசம்பர் முதல் வாரத்தில் கைக்கு வரும், அளவு தவறியிருந்தால் பிரித்துத் தைக்கவும் நாள் இருக்கும். யாருக்காவது துணி எடுத்துக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் அதையும் இதே வாரத்தில் கொடுங்கள். 24ஆம் தேதி கையில் வரும் துணியை அந்தக் குழந்தை 25 அன்று போட முடியாது. நம் தர்மம் நம் வசதிக்குக் காத்திருப்பதால் எத்தனையோ பிள்ளைகள் திருநாளன்று பழைய சட்டையோடு பூசைக்கு வருகிறார்கள்.

பலகாரம்: கல்கல்லையும் அச்சு முறுக்கையும் டிசம்பர் 12, 13 சனி ஞாயிறில் முடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் இவை நமுத்துப் போக மூன்று காரணம். அடுப்பு அதிகமாக எரிந்தால் மேலே சிவந்து உள்ளே ஈரம் நிற்கும். சூடு ஆறும் முன் டப்பாவில் போட்டால் ஆவி உள்ளேயே தங்கும். டப்பாவின் அடியில் விரிக்கும் செய்தித்தாள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மிதமான தீயில் பொரித்து, இரண்டு மணி நேரம் பரப்பி ஆறவிட்டு, காய்ந்த தகர டப்பாவில் வெறுமனே போட்டு இறுக மூடுங்கள். திருநாள் வரை மொறுமொறுப்பு குறையாது. அதிரசத்துக்கு மாவைப் பாகில் முன்பே கிளறி வைத்துவிட்டு 23ஆம் தேதி சுட்டுக்கொள்ளலாம். மாமியாரிடம் அந்த ஒரு வேலையை முழுதாக ஒப்படையுங்கள்.

பாவசங்கீர்த்தனம்: இதையும் 16க்கு முன். 23, 24 தேதிகளில் வரிசை நீளும். பின்னால் நிற்பவரை நினைத்துக்கொண்டு சொல்லும் பாவம் பாதியில் நின்றுவிடும்.

டிசம்பர் 8 செவ்வாய்க்கிழமை அமல உற்பவப் பெருவிழா, மரியா பாவக்கறை இன்றிக் கருவில் உருவானதைக் கொண்டாடும் நாள். மிஷன் வீதி ஜென்மராக்கினி மாதா பேராலயத்தின் திருநாளும் அதுவே. அதையும் கூடுதல் சுமை என்று எண்ணிவிட வேண்டாம். வர இருப்பவரைச் சுமக்கத் தாய் ஆயத்தமாக்கப்பட்ட நாள் அது. இந்தக் காலத்தின் நடுவில் அது வருவது பொருத்தம்தான். அன்று குருவின் ஊதா உடை மறைந்து வெள்ளை வரும், "உன்னதங்களில்" என்ற வானவர் கீதமும் பாடுவார்கள். ஞாயிறுகளில் அது பாடப்படாததைப் பிள்ளைகள் கவனித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 24 இரவு மணியோடு அது திரும்பி வரும்போது, இத்தனை வாரம் எதை நிறுத்தி வைத்தோம் என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

இனி வளையம். மெழுகுதிரி வளையத்தை 1839இல் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிக் விஷெர்ன் என்ற லூத்தரன் போதகர் தொடங்கினார். கிறிஸ்மஸ் எப்போது என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுக்கு ஒரு பெரிய வெள்ளைத் திரியும், மற்ற நாட்களுக்குச் சிறிய சிவப்புத் திரிகளும் வைத்தார். நாள் எண்ணக் கற்றுத்தரும் கருவியாகத்தான் அது பிறந்தது. உங்கள் நாலாவது படிக்கும் மகனுக்கு அந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

போன வருடம் முதல் திரி தீர்ந்ததற்குக் காரணம் கணக்குத்தான். ஞாயிறுதோறும் ஒரு திரி கூடும்; ஏற்றியவற்றைத் தினம் கால் மணி நேரம் எரித்தால் இந்த ஆண்டு முதல் திரி 26 நாள், அதாவது ஆறரை மணி நேரம் எரிய வேண்டும். இரண்டாவது 19 நாள், மூன்றாவது 12 நாள், நான்காவது 5 நாள், வெறும் ஒன்றே கால் மணி நேரம். மளிகைக் கடைப் பாக்கெட்டில் வரும் மெல்லிய திரி முதல் இடத்துக்குத் தாங்காது. 2 சென்டிமீட்டர் தடிமனும் 20 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரமும் உள்ளதை வாங்குங்கள். வாங்கியதும் ஒன்றை அரை மணி நேரம் எரித்து, எவ்வளவு குறைந்தது என்று அளந்து, 13ஆல் பெருக்குங்கள். வரும் எண் திரியின் உயரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். எரியும்போது மின்விசிறி ஓடக் கூடாது. காற்று ஒரு பக்கமாக அடித்தால் மெழுகு வழிந்து திரி பாதி நாளில் முடிந்துவிடும்.

மூன்று ஊதா, ஒரு ரோஜா நிறம் கடையில் கிடைக்காவிட்டால் அலைய வேண்டாம். நான்கும் வெள்ளையாக இருக்கட்டும், தட்டுக்கு அடியில் ஊதாத் துணி விரியுங்கள். திரியில் ரிப்பனோ காகிதமோ சுற்றக் கூடாது. ரோஜா நிறம் மூன்றாம் ஞாயிறுக்கு உரியது. "ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள்" என்ற பவுலின் அழைப்பிலிருந்து பெயர் பெற்ற ஞாயிறு அது.

மாமியாரின் பயம் நியாயமானது. கடலூர், புதுச்சேரிப் பக்கம் எளிதில் கிடைக்கும் சவுக்குக் கிளை பார்க்க அழகு. ஆனால் வெட்டிய நாலைந்து நாளில் காய்ந்து, பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். ஆகவே அடித்தளத்தை மாற்றுங்கள். 35 சென்டிமீட்டர் அகலமுள்ள எவர்சில்வர் தட்டில் நாலு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஆற்று மணலைக் கொட்டித் தண்ணீர் தெளித்து, திரிகளை அதில் ஊன்றுங்கள். கடல் மணல் வேண்டாம், உப்பு தட்டை அரிக்கும். மையத்திலிருந்து 12 சென்டிமீட்டர் தள்ளி நான்கு திசையில் ஊன்றினால் திரிக்குத் திரி 17 சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கும், ஒன்றின் சூடு இன்னொன்றை வளைக்காது. கிளைகள் திரியிலிருந்து மூன்று விரல் தள்ளியே இருக்கட்டும். காயத் தொடங்கியதும் பழையதை எடுத்துவிட்டுப் புதியது வையுங்கள். சவுக்கு கிடைக்காத வாரம் மாவிலை போதும். ஜன்னல் திரை அருகிலும் குடிலுக்குள்ளும் வைக்கவே கூடாது. ஏற்றுவதும் அணைப்பதும் மாமியாரின் பொறுப்பாக இருந்தால் பயம் தானாகக் குறையும்.

கணவர் பதினொன்றுக்கு வருகிறார் என்றால் இரவு செபத்துக்கு ஆள் சேராது. காலை ஐந்தே முக்காலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். விடியலுக்கு முன் மெழுகுதிரி வெளிச்சத்தில் மாதாவுக்குத் திருப்பலி செலுத்தும் வழக்கம் திருவருகைக்காலத்துக்கே உரிய பழைய வழக்கம். டிசம்பர் 16 வாக்கில் மார்கழியும் பிறந்துவிடும். தெருவில் கோலம் போட ஆட்கள் எழுந்திருப்பார்கள், பஜனைச் சத்தம் கேட்கும். ஊரே விழித்திருக்கும் அந்த நேரத்தில் நம் வீட்டில் மட்டும் இருட்டாக இருக்க வேண்டியதில்லை. மின்விளக்கைப் போடாமல் திரியை ஏற்றி, அந்த வார நற்செய்தியில் நாலைந்து வசனம் வாசித்து, இரண்டு நிமிடம் பேசாமல் இருங்கள். பிறகு ஆளுக்கு ஒரு மன்றாட்டு, ஜெபமாலையில் ஒரு பத்து மணி. இந்த ஆண்டு ஞாயிறு நற்செய்திகள் மாற்கு 13:33-37, மாற்கு 1:1-8, யோவான் 1:6-8, 19-28, லூக்கா 1:26-38. ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டு மடங்கு செய்து ஈடுகட்டாதீர்கள். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

17 முதல் மட்டும் மாலையில் ஒரு நிமிடம் கூடுதலாக வேண்டும். திருச்சபையின் தினசரி செபமான திருப்புகழ்மாலையில் 17 முதல் 23 வரை மரியாவின் பாடலுக்கு முன்மொழியாக ஏழு அழைப்புகள் வருகின்றன. நாளுக்கு ஒன்று: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. ஒவ்வொன்றுக்கும் வேர் பழைய ஏற்பாட்டில் இருக்கிறது. வேருக்கு எசாயா 11:1, திறவுகோலுக்கு 22:22, விடியலுக்கு 9:2, இம்மானுவேலுக்கு 7:14. லத்தீனில் இந்த ஏழு பெயர்களின் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து சேர்த்தால் "எரோ க்ராஸ்" என்று வரும். நாளைக்கு வந்துவிடுவேன் என்று பொருள். எட்டாவது படிக்கும் மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ஏழு அட்டைகளை அவளே எழுதிவிடுவாள்.

ஸ்டாரை முதல் வாரமே கட்டுவது தவறு என்று எந்தச் சட்டமும் இல்லை. திருப்பலி நூலின் பொது விதிகளில் 305ஆம் எண், இந்தக் காலத்தில் பீடத்தில் பூ அலங்காரம் அளவோடு இருக்கட்டும், பிறப்பின் முழு மகிழ்ச்சியை முன்கூட்டியே காட்டிவிட வேண்டாம் என்கிறது. அந்த மனநிலையை வீட்டுக்கும் எடுத்துக்கொள்ளலாம். மழை விட்ட ஒரு நாளில் ஸ்டாரைக் கட்டிவிடுங்கள். ஹோல்டரின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், வயர் இணைப்புகளுக்கு டேப் சுற்றுங்கள், இரும்பு கிரில்லில் வயர் உரசக் கூடாது. ஆனால் 17ஆம் தேதி மாலை முதல் அழைப்பைச் சொன்ன பிறகுதான் ஸ்விட்ச். பக்கத்து வீட்டில் எரிகிறதே என்று சின்னவன் கேட்பான். அந்தக் கேள்வியோடு அவன் பதினைந்து நாள் இருக்கட்டும்.

குடிலும் அப்படியே. மலையும் கொட்டகையும் முதலில் வரட்டும், தீவனத் தொட்டி காலியாக இருக்கட்டும். வீட்டில் யார் ஒரு நன்மை செய்தாலும் ஒரு வைக்கோல் துண்டைத் தொட்டியில் போடட்டும். மழைக்கால வைக்கோல் பூஞ்சை பிடிக்கும், முதலிலேயே வெயிலில் காயவைத்துவிடுங்கள். குடில் போட்டிக்கு நடுவர்கள் 23ஆம் தேதியே வந்தால், குழந்தை இல்லாத குடிலையே காட்டுங்கள். மூன்று அரசர்கள் அலமாரியின் மறுகோடியில் இருந்து நாளுக்குக் கொஞ்சமாக நகர்ந்து, ஜனவரி 3 திருக்காட்சிப் பெருவிழாவுக்குக் குடிலுக்கு வந்து சேரட்டும்.

அன்பியக் கேரல் உங்கள் ஒருவர் கையில் இல்லை. ஆனாலும் நவம்பர்க் கூட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம். வீட்டுக்குப் பத்து நிமிடம் என்றால் மாலை ஏழிலிருந்து ஒன்பதரைக்குள் பதினைந்து வீடு. நாற்பது குடும்பத்துக்கு மூன்று மாலை போதும். 19, 20, 21 தேதிகளில் முடித்துவிடலாம். இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டமே இடம் தரவில்லை. நள்ளிரவில் எழுப்பப்படும் நோயாளியும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் அந்தப் பாட்டில் நற்செய்தியைக் கேட்பதில்லை.

உறவினர் வீடு, அலுவலக நண்பர்கள், கேக் கொடுத்தல் எல்லாவற்றையும் 25க்குப் பின்னால் தள்ளுங்கள். கிறிஸ்மஸ் காலம் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. ஜனவரி 10 ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நாள் இருக்கிறது. கணவருக்கும் அதற்குள் கடையில் கூட்டம் குறைந்திருக்கும்.

24ஆம் தேதி மதியம் இரண்டு மணி நேரம் கட்டாயம் தூங்குங்கள். அதையும் அட்டவணையில் எழுதி வையுங்கள், அடுப்பு வேலை எல்லாம் காலையோடு முடியட்டும். பூசை முடிந்து வந்ததும் சின்னவன் கையால் குழந்தையை வைக்கோலில் கிடத்தி, வளையத்தின் நடுவில் ஒரு வெள்ளைத் திரியை ஊன்றி ஏற்றுங்கள். மீந்த நாலு துண்டுகளையும் தூக்கிப் போட வேண்டாம். நான்காவது திரி கிட்டத்தட்ட முழுசாக இருக்கும். அடுத்த புயலில் கரண்ட் போகும்போது உதவும்.