உயர்தரம் சரிவரவில்லை: திரும்ப எழுதுவதா, கமராவோடு போவதா?

உயர்தரப் பரீட்சையில் முதல் தடவை பெறுபேறு போதவில்லை, விருப்பமோ குறும்படத்திலும் புகைப்படத்திலும், திரும்ப எழுதுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் வன்னிதான். எழுதுங்கள், கமராவையும் விடாதீர்கள்.

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் கணக்கு. உங்களுக்கு இன்னும் இரண்டு இருக்கிறது. மூன்று பாடமும் ஒரே தடவையில் வரவேண்டும் என்பதால், சறுக்கிய பாடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடக் கூடாது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. பல கற்கைநெறிகளில் அந்தப் பட்டியலுக்கென்று 5 வீத இடங்கள் தனியாக உண்டு. வெட்டுப்புள்ளிக்குக் கிட்ட வந்தவருக்கு அது பெரிய விசயம். ரியூசனை மாற்றுவதைவிட, பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தை வைத்து உங்கள் விடைகளை நீங்களே திருத்திப் பாருங்கள்.

புகைப்படத்தில், இரணைமடுக் குளத்தில் நண்பகல் எடுத்தது வெளிறிப்போனால் மறுநாள் விடியப் போகலாம். முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் அப்படியில்லை. வைகாசியில் விட்டால் அடுத்த வருசம்தான். அங்கே உப்புநீரில் எரியும் விளக்கை எடுக்க ஆசையென்றால், முதலில் வீட்டுச் சாமியறை விளக்கில் பழகுங்கள். பிளாஷை நிறுத்தி, திரையில் சுடரைத் தொட்டு, வெளிச்சத்தைக் கையால் குறையுங்கள். போனின் போக்கில் விட்டால், சுற்றியுள்ள இருட்டுக்காக அது வெளிச்சத்தைக் கூட்டிவிடும், சுடர் வெறும் வெள்ளைப் பொட்டாகும்.

குறும்படத்தில் நடிகரைத் திரும்ப நடிக்கச் சொல்லலாம். ஆவணப்படத்தில்தான் எனக்குப் பயம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் எத்தனையோ கமராக்களுக்கு முன்னால் அதே கதையைச் சொல்லிவிட்டார்கள். காற்றுச் சத்தம் விழுந்துவிட்டது என்பதற்காக, "அம்மா, இன்னொருக்கா சொல்லுங்கோ" என்று கேட்பதை என்னால் ஏற்க முடியாது. சோளகம் என்ற தென்மேல் காற்று வீசும் மாதங்களில் வெளியில் வைத்து எடுக்கவே வேண்டாம். உள்ளே இருத்தி, மின்விசிறியை நிறுத்தி, சட்டையில் மைக்கைக் குத்தி, பக்கத்தில் இன்னொரு போனிலும் ஒலியைப் பதியுங்கள். முதலில் தோட்டம், சமையல் பற்றிப் பேசவிட்டு, அதை ஹெட்போனில் கேட்டுப் பார்த்த பிறகுதான் மற்றது. அப்படியும் பிழைத்தால், கிடைத்ததை வைத்து எடிட்டிங்கில் சமாளியுங்கள்.

அப்புறம், தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதுவதென்றால் பாடசாலை உங்களுக்காக விண்ணப்பிக்காது. திணைக்களம் அறிவிக்கும் முடிவுத் திகதியை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.